எழுந்து போனவரின் மேசை

மாத்தளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கொமியூனிகேஷன் கடைகளில் ஒரு கணினியை நாளொன்றுக்குப் பலர் பாவிக்கிறார்கள். ஒருவர் வேலை விண்ணப்பம் நிரப்ப வருவார். அடுத்தவர் மகளின் பரீட்சை அனுமதி அட்டையை அச்செடுக்க வருவார். விண்ணப்பம் நிரப்ப வந்தவர் வேலை முடிந்ததும் ஒழுங்காக ‘வெளியேறு’ பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து உட்கார்பவர் கை போன போக்கில் உலாவியின் பின்செல்லும் அம்புக்குறியைத் தட்டுகிறார். சில தளங்களில் போனவருடைய பக்கம் அப்படியே திரையில் வந்து நிற்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம் எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தில் உள்ள எதையாவது திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்கும்.

அவர் வெளியேறியது உண்மையானால் பக்கம் எப்படித் தெரிகிறது? வெளியேறவில்லை என்றால் கடவுச்சொல் ஏன் கேட்கிறது?

இதற்கு விடை காண ஒரு சின்னச் சோதனை போதும். இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு அதே அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். பக்கம் அப்போதும் வந்தால், அது வெளியிலிருந்து வரவில்லை, அந்தக் கணினிக்குள்ளிருந்தே வருகிறது என்று தெரிந்துவிடும். கம்பியை மாட்டிவிட்டு உள்ளே உள்ள ஒரு இணைப்பைச் சொடுக்கினால் கேள்வி இப்போது தொலைவிலுள்ள சேவையகத்துக்குப் போகிறது. அது ‘நீ யார்?’ என்கிறது. ஆக, நினைவு இரண்டு இடங்களில் இருந்திருக்கிறது. ஒன்று துடைக்கப்பட்டது, மற்றது துடைக்கப்படவில்லை.

பல பேர் ஒரு கணினியைப் பகிர்வது நமக்குப் புதிதில்லை. ஈ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் அமைந்த நெனசல நிலையங்களின் நோக்கமே அதுதான். அந்தத் திட்டத்துக்கு 2014இல் பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. ஆனால் இணையத் தளம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆளுக்கொரு மடிக்கணினி வைத்திருப்பவர்கள். பகிர்ந்த கணினியில் தங்கள் தளம் எப்படி நடந்துகொள்கிறது என்று அவர்கள் அபூர்வமாகவே பார்க்கிறார்கள்.

முதலில் நம் பக்கத்து நினைவைப் பார்ப்போம். ஒருமுறை எடுத்ததை மறுபடி தூரம் போய் எடுக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வதற்குப் பதுக்கு நினைவகம் என்று பெயர். பேச்சில் கேஷ். கேம்பிரிட்ஜில் கணினி கட்டிய மோரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரையில் இந்த யோசனையை முன்வைத்தார். பெரிய, மந்தமான நினைவகத்தின் முன்னால் சிறிய, வேகமான ஒன்றை வைத்து, அண்மையில் தொட்டவற்றை அதில் போட்டு வைப்பது என்பதே யோசனை. 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாதிரி 85 இயந்திரத்தில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. இன்று செயலிச் சில்லு முதல் உலாவி வரை, நடுவழிச் சேவையகங்கள் வரை எல்லா இடத்திலும் இதே யோசனைதான்.

ஏன் இவ்வளவு ஆசை என்பது கணக்குப் போட்டால் புரியும். நீங்கள் பாவிக்கும் தளம் சிங்கப்பூரில் ஒரு சேவையகத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். போய் வருவதற்கு மட்டும் 27 மில்லிவினாடி. இது இயற்பியல் விதித்த கட்டணம், எந்த நிறுவனத்தாலும் குறைக்க முடியாது. கணினியின் சொந்த நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோவினாடி. இரண்டுக்கும் இடையில் இரண்டரை இலட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இதைப் பார்த்த உலாவி எதையும் தூக்கி எறிய மனம் வராமல் சேர்த்து வைக்கிறது.

அதிலும் பின்செல்லும் அம்புக்குறிக்கென்றே தனியான ஒரு பதுக்கு உண்டு. பக்கத்தை ஒரு கோப்பாகச் சேமிப்பதோடு நில்லாமல், ஓடிக்கொண்டிருந்த பக்கத்தையே நிரப்பிய பெட்டிகளோடு உறையவைத்து நினைவகத்தில் நிறுத்தும். ஃபயர்ஃபாக்ஸ் இதை 2005இலேயே கொண்டுவந்தது. குரோம் மேசைக்கணினிப் பதிப்புக்கு இது 2021இல் வந்தது. பின்னால் போனதும் கண் இமைப்பதற்குள் பக்கம் வருவதற்குக் காரணம் இதுதான். முன்பிருந்தவருடைய விலாசம் தெரிவதற்கும் இதுவே காரணமாகலாம்.

தடுக்க வழி இருக்கிறது. பக்கத்தோடு சேவையகம் அனுப்பும் தலைப்பு வரிகளில் ‘நோ-ஸ்டோர்’ என்று எழுதினால், சேமிக்காதே என்று பொருள். பலர் அதற்குப் பதிலாக ‘நோ-கேஷ்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த வரி சேமிப்பைத் தடுக்காது. சேமித்ததைக் காட்டுமுன் ஒருமுறை கேட்டுக்கொள் என்று மட்டுமே சொல்கிறது. வெளியேறும்போது அனுப்புவதற்கென்றே ‘கிளியர்-சைட்-டேட்டா’ என்ற இன்னொரு தலைப்பும் இருக்கிறது. இந்தத் தளத்தின் பெயரில் பதுக்கியவை, சேமிப்புகள், பின்னால் நாம் பார்க்கப்போகும் குக்கிகள் எல்லாவற்றையும் எறி என்று உலாவிக்கு இடும் கட்டளை அது. குரோமில் 2017 முதல் இருக்கிறது. ஒரே வரி வேலை. ஆனாலும் எழுதாமல் விட்ட தளங்கள் ஏராளம்.

இனித் தொலைவிலுள்ள நினைவு. இங்கேதான் உண்மையான சிக்கல்.

வலை ஓடும் எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவே கிடையாது. ஒரு கேள்வி, ஒரு பதில், அத்தோடு சரி. அடுத்த கேள்வி வரும்போது அது முன்பு வந்தவரிடமிருந்துதான் வருகிறதா என்று அதற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுலி இதற்குக் குக்கியைக் கண்டுபிடித்தார். சேவையகம் ஒரு நீண்ட, யாராலும் ஊகிக்க முடியாத இலக்கத்தை உலாவியிடம் கொடுத்து வைக்கும். உலாவி ஒவ்வொரு கேள்வியோடும் அதைத் திருப்பிக் காட்டும். அந்த இலக்கத்தின் கீழ் சேவையகம் தன் பக்கத்தில் குறிப்புகள் வைத்திருக்கும். யார், எப்போது நுழைந்தார், படிவத்தில் எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறார் என்பவை அதில் இருக்கும். இந்தக் குறிப்புத் தொகுதிக்கு அமர்வு என்று பெயர்.

அமர்வு தொடங்குவது சேவையகத்துக்குத் தெரியும், கடவுச்சொல் வந்த கணம் அது. முடிவது தெரியாது.

ஒரு சைவக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து உட்கார்கிறார், காசை முன்கூட்டியே கட்டிவிட்டார். வடை வருகிறது, பிளேன்டீ வருகிறது. பாதி பிளேன்டீயைக் கோப்பையில் விட்டுவிட்டு எழுந்து போகிறார். கை கழுவப் போனாரா, கண்டி பஸ் வந்துவிட்டதென்று ஓடிவிட்டாரா? பரிமாறுகிறவருக்குத் தெரியாது. உடனே எடுத்துவிட்டால், கை கழுவி வந்தவர் சண்டைக்கு வருவார். எடுக்காமலே இருந்தால், மத்தியான நேரத்தில் எல்லா மேசையிலும் ஆள் இல்லாத கோப்பைகள் நிற்கும், வாசலில் சனம் நிற்கும். கல்லாவில் ‘போய்ட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர் நூற்றில் சிலர்தான்.

வெளியேறு பொத்தானை அழுத்துகிறவர்கள் அந்தச் சிலர். மற்றவர்கள் தாவலை மூடுவார்கள், போனைச் சட்டைப்பையில் போடுவார்கள், மின்சாரம் போய்விடும். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறி இலுக்கும்புர போகும் பஸ்ஸில் ஒருவர் போனில் படிவம் நிரப்பிக்கொண்டு போகிறார். மலைக்குள் நுழைந்ததும் அலைவரிசை அறுந்துவிடுகிறது. சேவையகத்திலிருந்து பார்த்தால் அவருக்கும், போனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்கப் போனவருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டும் மௌனம்தான். பக்கம் மூடும்போது ஒரு செய்தி அனுப்பச் சொல்லலாமே என்று கேட்கலாம். அப்படி ஏற்பாடு உண்டு. ஆனால் கைபேசியில் செயலியைப் பட்டென்று ஒதுக்கித் தள்ளும்போது அந்தச் செய்தி பல நேரம் புறப்படுவதே இல்லை. மின்கலம் செத்த போன் எதையும் அனுப்பாது.

எனவே சேவையகம் ஊகிக்கிறது. கடைசிக் கேள்வி வந்து இத்தனை நிமிடம் ஆகிவிட்டதா, போய்விட்டார் என்று வைத்துக்கொள். இதைக் கெடுநேரம் என்போம். ஜாவா உலகின் டொம்கட்டில் யாரும் மாற்றாவிட்டால் 30 நிமிடம். மைக்ரோசொஃப்டின் ஏஎஸ்பி டொட் நெட்டில் 20. பிஎச்பி மொழியில் 1,440 வினாடி, அதாவது 24 நிமிடம். மூன்று குழுக்கள், மூன்று எண்கள். எதற்கும் பின்னால் ஆழ்ந்த கோட்பாடு இருப்பதாகத் தெரியவில்லை. வங்கித் தளங்கள் இன்னும் குறைத்து வைக்கும். நீண்ட விண்ணப்பங்கள் உள்ள தளம் குறைத்து வைத்தால், சான்றிதழைத் தேடி அலுமாரியைக் கிளறிவிட்டு வந்தவர் முழுவதையும் மறுபடி தட்டச்ச வேண்டியிருக்கும்.

கெடு வைத்தாயிற்று. யார் போய்த் துடைப்பது? 24 நிமிடம் முடிந்த அந்த நொடியில் ஏதோ ஒன்று தானாக எழுந்து அமர்வை அழிக்கிறது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். பிஎச்பியின் கதை வேடிக்கையானது. வழக்கமான அமைப்பில் அமர்வுகள் வட்டில் சின்னச் சின்னக் கோப்புகளாகக் கிடக்கும். அவற்றைக் கூட்டிப் பெருக்கத் தனி ஆள் கிடையாது. புதிதாக வரும் ஒவ்வொரு கேள்வியின்போதும் ஒரு குலுக்கல் நடக்கும். நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு. சீட்டு விழுந்தால், அந்தக் கேள்வியைக் கையாளும் நிரல் தன் வேலையோடு பழைய கோப்புகளையும் அழித்துவிட்டுப் போகும். செலவு எல்லோருக்கும் பரவலாகப் பிரிவதால் கூட்டம் உள்ள தளத்தில் இது அழகாக ஓடும். நாளுக்குச் சிலரே வரும் தளத்தில் கதை வேறு. நூறு கேள்விகள் வந்த பின்னும் ஒருமுறைகூடச் சீட்டு விழாமல் இருக்க ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அழிக்கப்படாத கோப்பு செல்லுபடியாகவும் இருக்கும். காலையில் திறந்த அமர்வு சாயங்காலம் வரை உயிரோடிருப்பது இதனால்தான். டெபியன் லினக்ஸ்காரர்கள் இந்தக் குலுக்கலையே நிறுத்திவிட்டு, அரை மணிக்கொருமுறை துடைக்கும் தனிப்பணி ஒன்றை வைத்தார்கள். எனக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது.

அமர்வுகளை வட்டில் வைக்காமல் நினைவகத்திலேயே வைக்கும் தளங்கள் பல, 2009இல் சல்வதோரே சன்ஃபிலிப்போ எழுதிய ரெடிஸ் என்ற மென்பொருளை நாடுகின்றன. அதன் வழி இன்னும் சாமர்த்தியமானது. காலாவதியான ஒன்றை யாராவது கேட்டால், கேட்ட கணத்தில் அழித்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்லும். பயனர் பாதுகாப்புக்கு அது போதும். யாருமே கேட்காதவை? தொடக்ககாலப் பதிப்புகளில், வினாடிக்குப் பத்து முறை, கெடு வைத்த பதிவுகளில் இருபதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்க்கும். கெடு தாண்டியவற்றை அழிக்கும். இருபதில் கால்வாசிக்கு மேல் தாண்டியிருந்தால், குப்பை நிறைய இருக்கிறது என்று கொண்டு உடனே இன்னொரு இருபது. இல்லாவிட்டால் அடுத்த முறை வரை ஓய்வு. எல்லாவற்றையும் தேடித் துடைக்கும் செலவைத் தவிர்க்க, கொஞ்சம் குப்பை எப்போதும் கிடக்கட்டும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நினைவகம் நிரம்புவது உண்டு. ஓர் அமர்வுக்கு 200 கிலோபைட் என்று கொண்டால் 10,000 அமர்வுக்கு 2 கிகாபைட். அமர்வுகளை அழித்தபின் அந்த இடம் திரும்பி வர வேண்டும். ஜோன் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக 1959 வாக்கில் உருவாக்கிய குப்பை திரட்டல் முறையைத்தான் ஜாவா, பைதன், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. அதன் விதி, நிரலின் எந்த மூலையிலிருந்தும் எட்ட முடியாத பொருளே குப்பை என்பது. எங்காவது ஒரு பட்டியல் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தால், மனிதருக்கு அது எவ்வளவு பயனற்றதாகத் தெரிந்தாலும் திரட்டி தொடாது. நம் கடையில் போனவரின் கோப்பை பழைய பில் ஒன்றில் இன்னும் குறிக்கப்பட்டிருந்தால், பரிமாறுகிறவர் அதை ஆள் இருக்கும் கோப்பையாகவே எடுத்துக்கொள்வார். ‘இப்போது உள்ளே இருப்பவர்கள்’ என்று ஒரு பட்டியலை நிரலாளர் வைக்கிறார். நுழையும்போது சேர்க்கிறார், வெளியேறு பொத்தானில் நீக்குகிறார், கெடு முடியும் வழியில் நீக்க மறந்துவிடுகிறார். பொத்தானை அழுத்தாமல் போன அத்தனை பேரும் அதில் தங்கிவிடுவார்கள். நினைவகக் கசிவு என்பது இதுதான்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது பார்க்கத்தக்கது. நினைவகம் எவ்வளவு பாவிக்கப்படுகிறது என்பதை நாள் முழுதும் வரைபடமாகப் போடுவார்கள். ஆரோக்கியமான சேவையகத்தின் கோடு வாள் பல்லைப் போல இருக்கும். ஏறும், குப்பை திரட்டியதும் சட்டென்று விழும், மறுபடி ஏறும். பற்களின் நுனியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விழுகையிலும் கோடு போன தடவையைவிடக் கொஞ்சம் மேலேயே நின்றால், எதுவோ விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளே இல்லாத பின்னிரவு மூன்று மணியில் அந்த அடி கீழே வராவிட்டால் சந்தேகமே வேண்டாம். பிறகு சில மணி இடைவெளியில் நினைவகத்தை இரண்டு முறை முழுதாகப் பிரதி எடுத்து, எந்த வகைப் பொருளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று சங்கிலியைப் பின்னோக்கிப் போவார்கள். கையில் இதற்கு நேரமில்லாதவர்கள் தினமும் இரவு சேவையகத்தை அணைத்துப் போடுகிறார்கள். வெட்கப்படத் தேவையில்லை, உலகில் நிறையத் தளங்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

இன்னொரு நுணுக்கம் உண்டு. விடுவிப்பது வேறு, துடைப்பது வேறு. நினைவகத்தை விடுவித்தால், அந்த இடம் இனி யாருக்கும் கொடுக்கலாம் என்று குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே எழுதியது வேறொன்று அதன் மேல் எழுதப்படும்வரை கிடக்கும். கோப்பையை எடுத்தாலும் மேசையில் வடைத் துகள் இருக்கிற மாதிரி. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை இதை உலகுக்கே காட்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் இருந்த ஓர் அளவுச் சரிபார்ப்புப் பிழையால், யார் வேண்டுமானாலும் சேவையகத்தின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை கேட்டு வாங்க முடிந்தது. வந்த துண்டுகளில் பிறருடைய கடவுச்சொற்களும் அமர்வு இலக்கங்களும் இருந்தன. அதற்கு முன் 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு படி போய்விட்டார்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் நினைவகச் சில்லில் எழுதியது சில வினாடிகள் முதல் நிமிடங்கள் வரை தங்குகிறது என்றும், சில்லைக் குளிரவைத்தால் இன்னும் நெடுநேரம் தங்குகிறது என்றும் செய்து காட்டினார்கள்.

சரி, பாவித்ததும் பூச்சியத்தால் நிரப்பிவிட்டால் போயிற்று என்று நிரலாளர் ஒரு வரி எழுதுகிறார். சி மொழியில் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி அந்த வரியைப் பார்க்கிறது. ‘இந்த இடத்தை இதற்குப் பின் யாரும் வாசிப்பதில்லையே, எழுதி என்ன பயன்?’ என்று வேகத்துக்காக அந்த வரியையே நீக்கிவிடுகிறது. தர்க்கம் சரி, விளைவு விபரீதம். நீக்கக் கூடாத துடைப்பு என்று சொல்வதற்கென்றே தனிக் கட்டளை ஒன்றை சி மொழியின் சி23 தரத்தில் சேர்க்க வேண்டியிருந்தது.

துடைக்காத மிச்சம் அடுத்தவர் கைக்குப் போவதும் நடந்திருக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில், நடுவழிப் பதுக்கின் அமைப்புப் பிழையால் ஒருவருக்குரிய கணக்குப் பக்கங்கள் இன்னொருவருக்குக் காட்டப்பட்டன. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே சொன்னது. 2023 மார்ச் 20இல் சட்ஜிபிடியில் சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ரெடிஸோடு பேசும் பைதன் நூலகத்தில் ஒரு பிழை. ஒருவர் கேட்டுவிட்டு, பதில் வருமுன் கேள்வியை ரத்துச் செய்தார். பதில் மட்டும் வந்து இணைப்பில் காத்திருந்தது. அந்த இணைப்பைத் துடைக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அவர் கேட்டதற்கு முந்தியவரின் பதில் போனது.

நினைவு வைத்தால்தானே இந்தத் தொல்லை, சேவையகம் ஒன்றுமே வைக்காமல் இருந்தால் என்ன என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் அமர்வுக் குறிப்புகளைச் சேவையகத்தில் வைக்காமல், மறையாக்கக் கையொப்பமிட்ட ஒரு சீட்டாக உலாவியிடமே கொடுத்துவிடுகிறார்கள். இன்னார், இத்தனை மணி வரை செல்லுபடி என்று அதில் இருக்கும். சீட்டைக் காட்டினால் கையொப்பத்தைச் சரிபார்த்து உள்ளே விடுவார்கள். துடைக்க எதுவும் இல்லை, நினைவகம் நிரம்பாது. ஆனால் ஒருவர் வெளியேறு பொத்தானை அழுத்தினால்? உலாவி தன் பிரதியைத் தூக்கி எறியும். யாராவது முன்பே நகல் எடுத்து வைத்திருந்தால், சீட்டில் எழுதிய மணி வரும்வரை அது செல்லும், சேவையகத்தால் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமானால் ரத்தான சீட்டுகளின் பட்டியல் ஒன்று சேவையகத்தில் இருக்க வேண்டும். பல தளங்கள் அப்படி வைத்திருக்கின்றன, பெரும்பாலும் ரெடிஸில், ஒவ்வொரு வரிக்கும் ஒரு கெடு போட்டு.